அவையிடைத் தடையும் விடையும்

ஒருவர் அவையில் நின்று பேசுங்கால் கேட்போருள் ஒருவர் எழுந்து இடையே மறித்து வினவுதலை இக்காலத்தார் 'குறுக்கீடு' என்பர். அச்சொல்லிலேயே ஒரு பழிப்புக் குறிப்பு உண்டு. நேராகச் செல்லும் வண்டியின் முன் குறுக்கே பாய்ந்தவனைச் சொல்லுமாறுபோல அது வழங்குகின்றது. பழைய நூல்களிலும் உரைகளிலும் இச்செயலுக்கு வழங்கிய பெயர்களை நோக்குமின்: கடா, தடை, வினா, மாறு. இவற்றுள் எதனிலும் பழிப்பில்லை. 'கடா' என்றால் 'விடை' என்பது உடன் தோன்றும். 'தடை' என்றாலும் அவ்வாறே. இவை இணைச்சொற்களாக நின்ற காலத்தில் அவையில் மறித்துப் பேசுதல் எவ்வாறு கருதப்பட்டது, பேசுவோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், அந்நிலை எப்பொழுது மாறிற்று என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றனை முன்னரே கூறிவிடுதல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்குக் கிடைக்கும் சான்றுகளுட் பெரும்பகுதி அரங்கேற்றக் கதைகள். அவற்றை நிகழ்ந்தன நிகழ்ந்தவாறே உரைக்கும் வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் அவற்றைப் புனைகதை என்று ஒதுக்கிவிடுதலும் பொருந்தாது என்பதே நம் கருத்து. கதை கட்டினோர், தம் காலத்து அவையில் எத்தகைய தடை நிகழக்கூடும் என்று கேட்போர் நம்புவரோ அத்தகைய தடையையே கட்டியிருப்பர். ஆகவே, கச்சியப்பர் உண்மையில் என்ன விடை கூறினார் என்பதற்குக் கதை சான்றாகாவிடினும், அவையோர் எழுந்து ஒரு சொற்புணர்ச்சிக்கு விதி கேட்டல் முறையே எனத் தமிழ் மக்கள் கருதினர் என்பதற்கு அது சான்றாகும்.

திருக்குறளிலிருந்து தொடங்குவோம். அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டும் 72, 73ஆம் அதிகாரங்களாகப் பொருட்பாலில் அமைச்சனைப் பற்றிய பகுதியின் இறுதியில் நிற்கின்றன. இடம் நோக்கி, அவை அரசவைக்கே உரியன என்று குறுக்கிவிடுதல் கூடாது; புலவரவைக்கும் பொருந்துமாறே வள்ளுவர் சொற்களை அமைத்துள்ளார். அவையஞ்சாமையில் அவர் கூறும் ஒரு செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. அவைக்கு அஞ்சாது 'மாற்றம்' கொடுக்கும்பொருட்டு அளவறிந்து கற்றல் வேண்டும் என்கின்றார். மாற்றம் கொடுத்தலாவது எதிர்மொழி கூறுதல். எதிர்மொழி கூறவேண்டின் முன்மொழி ஒன்று அவையிலிருந்து எழுந்திருத்தல் வேண்டுமன்றோ? பரிமேலழகர் ஈண்டு 'அளவு' என்றதற்கு அளவை நூல் எனப் பொருள் கொண்டார். வேற்றுவேந்தர் அவையில் அவர் சொல்லிய சொல்லுக்கு விடைகொடுக்க அளவை நூல் பயில வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. பேசுவோனுக்கு வேண்டப்படும் கல்வி இன்குரலன்று, மெய்ப்பாடன்று, மனப்பாடமுமன்று; தன்னை மறிப்பவனோடு வழக்காடும் கல்வியே என்பது இதனாற் பெறப்படும்.

அவையறிதலில் வள்ளுவர் கூறுவது இதற்கு முன்னதாகிய நிலை. தன் இனத்தார் அல்லாதார் அவையில் நல்ல பொருளைச் சொல்லுதல், தூயதல்லாத முற்றத்தில் அமிழ்தைக் கொட்டுதல் போலும் என்பது அவ்வதிகாரத்தின் முடிபு. மறித்தலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பொதுவாக அவர் கூறவில்லை. எவருடைய மறித்தலைப் பொறுப்பது என்று முன்னரே தெரிந்துகொள்க என்கின்றார். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

தொல்காப்பியர் வாகைத்திணையில் எண்வகையால் அமைந்த அவையைக் குறிப்பிட்டனர். குடிப்பிறப்பு, கல்வி, ஒழுக்கம், வாய்மை, தூய்மை, நடுவுநிலைமை, அழுக்காறின்மை, அவாவின்மை என அவ்வெட்டனையும் உரையாசிரியர் விரிப்பர். இவை பேசுவோனுடைய இலக்கணங்கள் அல்ல. கேட்போருடைய இலக்கணங்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அவற்றுள்ளும் நடுவுநிலைமையும் அழுக்காறின்மையும் வாளா அமர்ந்து கேட்பவனுக்கு வேண்டா. தீர்ப்புக் கூறுவோனுக்கும் தடை எழுப்புவோனுக்குமே அவை வேண்டும்.

சொற்போர்க்கென்றே இடமும் அடையாளமும் இருந்தன. பட்டினப்பாலையில், பல கேள்வித் துறைகளையும் முற்றக் கற்ற நல்லாசிரியர் வாது குறித்து எடுத்த கொடிகள் காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்தன எனக் காண்கின்றோம். கள்விலை கூறும் கொடிக்கும் வாதுக்கு அழைக்கும் கொடிக்கும் அந்நகரில் ஒருங்கே இடமிருந்தது. பட்டிமண்டபம் என்னும் பெயர் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகின்றது. முன்னதில் அது மகத வேந்தன் சோழன் கரிகாலனுக்குக் கொடுத்த கட்டடமாகப் பேசப்படுகின்றது. பின்னதில் இந்திரவிழா அறையும் முரசன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுக என்று அழைத்து, பகைவரோடு கூடியிருப்பினும் சினமும் கலகமும் செய்யாது நீங்குக என்றும் அறிவிக்கின்றான். வாதுக்கு அழைத்த வாயாலேயே கலகத்தை விலக்குகின்றான். மறுத்தல் வேண்டும், செற்றம் வேண்டா. ஊர்க்காவலன் ஒருவன் கூறவேண்டியதனை விழா முரசறைவோன் கூறுமளவிற்குச் செற்றமும் அங்கு நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பதும் நாம் உய்த்துணரத்தக்கதே.

மணிமேகலையின் 27ஆம் காதை இதனினும் நுட்பமானது. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயக் கணக்கரை ஒருவர்பின் ஒருவராகக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். பெரும்பாலும் அவள் தடை எழுப்பவில்லை. கேட்டு, நீங்கி, அடுத்தவரிடம் செல்கின்றாள். பூதவாதி ஒருவன் காட்சியளவையன்றி வேறு அளவை கொள்ளாதவன். முற்பிறப்பை உணர்தல் என்பது மயக்கமே எனத் தள்ளிவிடுகின்றான். முற்பிறப்பை உணர்ந்தவளாகிய அவள் அவனிடம் மட்டுமே மறுமொழி கூறுகின்றாள். நின் தாய் தந்தையரைக் கருத்தளவையாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்பது அவள் கேள்வி. ஒரே வினா, அவன் கொள்கையின் அடிக்கல்லைப் பெயர்ப்பது. அவன் விடையைச் சாத்தனார் கூறவில்லை. நெடுநேரம் கேட்டு ஒரே இடத்தில் மறித்த இவளை, தமிழிலக்கியத்தில் நாம் காணும் மிகச் சிறந்த அவையோர் என்று கூறலாம்.

இனி அரங்கேற்றங்களுக்கு வருவோம். நூல் ஒன்றனை இயற்றியவன் அதனை அறிஞர் அவையில் முதன்முதலிற் படித்துக்காட்டி அவர்தம் உடன்பாடு பெறுதலே அரங்கேற்றம். இக்காலத்து வெளியீட்டு விழாக்களோடு இதனை ஒப்பிடுவாரும் உளர். ஒப்புமை மிகக் குறைவு. வெளியீட்டு விழாவிற்கு வரும்பொழுது நூல் அச்சாகி முடிந்திருக்கும். அரங்கேற்றத்தில் நூல் இன்னும் முடியவில்லை; அவை ஏற்றபின்னரே அது நூலாகும்.

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து, அதங்கோட்டாசானுக்குக் குற்றமற ஆராய்ந்து காட்டப்பட்டது என்று கூறுகின்றது. 'ஆராய்ந்து காட்டி' என்னும் அச்சிறு பகுதிக்கு நச்சினார்க்கினியர் எழுதியுள்ள விளக்கம் நம் பொருளுக்குக் கிடைத்த கருவூலமாகும். அகத்தியனார் தம் மாணவர் தொல்காப்பியனார்மீது வெகுண்டிருந்தமையால் அவர் செய்த நூலைக் கேளாதே என அதங்கோட்டாசானுக்கு ஆணையிட்டார். தொல்காப்பியனாரோ பலகாலும் சென்று, கேட்டல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஒருபக்கம் ஆசிரியர் ஆணை. மறுபக்கம் உடன்பயின்றோர் வேண்டுகோள். இருவரும் வெகுளாவண்ணம் அதங்கோட்டாசான் கண்ட வழி, நூலைக் கேட்பது, ஆயின் கேட்குந்தோறும் குற்றங்கூறி விடுவது என்பதாகும். அவர் எழுப்பிய கடாக்களுக்கெல்லாம் தொல்காப்பியனார் விடை கூறினமையாலேயே பாயிரம் அவ்வாறு கூறிற்று என்பது நச்சினார்க்கினியர் உரை.

இக்கதையின் அமைப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இங்கே தடை எழுப்புபவர் நடுவுநிலையாளர் அல்லர். குற்றம் காண்பதென்று முன்னரே துணிந்து வந்தவர். உண்மை காணும் வேட்கையால் வந்தவரும் அல்லர், இரு பெரியோரிடையே தம்மைக் காத்துக்கொள்ள வந்தவர். எண்வகை அவைக்குணங்களுள் நடுவுநிலைமை இவரிடத்துக் குறைவே. ஆயினும் இவருடைய தடைகளால் நூலுக்குக் கேடு விளையவில்லை. நூல் குற்றம் நீங்கிற்று என்னும் சான்று இவராலேயே கிடைத்தது. நண்பன் ஒருவன் கேட்டுப் பாராட்டியிருப்பின் அச்சான்றுக்கு மதிப்பேது? தொல்காப்பியனார் செய்தது யாது? தடை கூறுவோரின் உள்ளக்கிடக்கையை அவர் வினவவில்லை. 'நீர் ஆசிரியர் ஏவலால் பேசுகின்றீர்' என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையுமாகும். அவ்வாறு சொல்லாமல் கடாவிற்கு மட்டுமே விடை கூறினார். வினவியவனை விடுத்து வினாவை எடுத்துக்கொள்ளும் இம்முறையைத் தமிழ் மரபு தன் முதல் இலக்கணத்தின் வாயிலிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றது.

இறையனார் களவியல் உரை மற்றொரு வகைச் சான்றினைத் தருகின்றது. அவ்வுரையைக் கண்டோர் பலர், எவ்வுரை மெய்யுரை என்று துணிய உருத்திரசன்மன் என்னும் ஐயாண்டுச் சிறுவன் அவையில் அமர்த்தப்பட்டான், அவன் மூங்கை. சொல்லால் மறிக்க இயலாத ஒருவனைத் தலைமைக் கேள்வியாளனாக வைத்த இக்கதை வியப்புடையது. மருதன் இளநாகனார் உரையில் ஓரோவிடத்தும், நக்கீரர் உரையில் எவ்விடத்தும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் நிறுத்தான் என்பர். ஏனையோர் உரைக்கு அவன் காட்டிய விடை வெறும் அமைதி. அவையின் பேசாமையும் ஒரு தடையே என்பதனை இதனினும் நன்கு கூறுதல் அரிது.

ஆயின், கதையைக் காட்டிலும் அவ்வுரையின் நடையே நமக்குச் சிறந்த சான்றாகும். நக்கீரர் தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார்வரை பத்துத் தலைமுறை வாய்வழியாகவே அது வழங்கிவந்தது என அவ்வுரையே கூறுகின்றது. பத்துத் தலைமுறையும் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு வந்த உரையில் சொல்வோன் குரல் மட்டும் எஞ்சியிருப்பின் வியப்பில்லை. எஞ்சியிருப்பவை இரண்டு குரல்கள். 'அஃது என்னை?' 'எனின்', 'ஆகாதோ எனின்', 'அற்றன்று' என்று வரியிடை வரியிடை ஒருவன் மறிக்க ஒருவன் விடுக்கின்றான். இளம்பூரணர், பேராசிரியர், சேனாவரையர் முதலியோர் உரைகளிலும் இவ்வாய்பாடு பயின்று வருகின்றது. நம் மாணவர் இதனை உரைநடை உத்தி என்றே எழுதிவிடுகின்றனர். உத்தியாதல் உண்மையே, ஆயின், உத்தி எங்கிருந்து வந்தது? திண்ணையில் எழுந்த மாணாக்கன் வினாவே ஏட்டில் 'எனின்' ஆயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும். அவனுடைய பெயர் எங்கும் இல்லை. ஆயினும் தமிழ் உரைநடையின் மிகப் பழைய பகுதிகளுட் பாதி அவனுடையது. அவனை அவையினின்று வெளியேற்றியிருப்பின் சேனாவரையம் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

நன்னூல் இதனை இலக்கணமாகவே வகுத்தது. எழுவகை மதத்துள் உடன்படுதலும் மறுத்தலும் முதலிரண்டாக நிற்கின்றன. பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின் களைதலும் ஒன்றாக எண்ணப்பட்டது. நூல்செய்வோன் தனக்குத் தானே தடை எழுப்பிக்கொள்ளும் முறை இது.

கந்தபுராண அரங்கேற்றம் யாவரும் அறிந்தது; ஆகவே சுருங்கக் கூறுவோம். காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியர் நூலைத் தொடங்கிக் காப்புச் செய்யுளின் முதற்சொல்லைப் படித்தவுடனே அவையில் ஒருவர் எழுந்தார். 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் புணர்ந்து 'திகட' என்றாதற்கு விதி எந்நூலில் உளது என்பது தடை. அச்சொல் முருகன் எடுத்துக் கொடுத்தது என்று கச்சியப்பர் கூறினார். அவையோர் அமையவில்லை. விதி காட்டுக, இன்றேல் முருகனே வந்து கூறுக என்றனர். மறுநாள் சோழநாட்டினின்று வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து சந்திப்படலத்தில் அவ்விதியைக் காட்ட, அரங்கேற்றம் தொடர்ந்தது. வந்தவர் முருகனே என்பது கதை.

கச்சியப்பர் காலம் பற்றிக் கருத்துவேறுபாடு உண்டு. அதனுள் நாம் புகவில்லை. இக்கதையில் இரண்டு செய்திகள் நம் நோக்கத்திற்கு உரியன. முதலாவது, இறைவன் வாக்கு என்பதனை அவை விடையாக ஏற்கவில்லை. அங்கிருந்தோர் முருகன் அடியார். கூடிய இடம் அவன் கோயில். இருந்தும் இலக்கணத் தடைக்கு இலக்கண விடையே வேண்டும் என்றனர். இறைவனும் அதனை ஒப்புக்கொண்டு, தன் பெருமையால் வாயடைக்காமல், நூலைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று கதை கட்டினோர் கூறுவது எத்துணைப் பெருமிதம்! இரண்டாவது, அவன் கொணர்ந்த நூல் எது? வீரராசேந்திர சோழன் காலமாகிய 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்னும் பௌத்தர் இயற்றியது. சைவப் புராணத்தின் முதற்சொல்லைப் பௌத்தர் இலக்கணம் காத்தது என்று சைவர்களே கதை சொல்லிவந்தனர். தடை எழுந்த இடத்தில் சமயம் பார்க்கப்படவில்லை. சான்று மட்டுமே பார்க்கப்பட்டது.

இதனோடு கம்பரைப் பற்றிய கதை ஒன்றனை வைத்து நோக்குதல் நலம். நீர்த்துளி என்னும் பொருளில் 'துமி' என்று கம்பர் பாட, அச்சொல்லுக்கு வழக்குண்டோ என்று சோழன் அவையில் ஒட்டக்கூத்தர் தடுத்தார் என்றும், கம்பர் உலகவழக்கில் உண்டு எனக் கூறி இடையர் தெருவிற்கு அழைத்துச் செல்ல, அங்கே தயிர் கடைந்த பெண்ணொருத்தி தன் பிள்ளைகளைத் துமி படாமல் விலகியிருக்கச் சொன்னாள் என்றும் கூறுவர். கலைமகளே அப்பெண் என்பது வழக்கம்போற் சேர்க்கப்பட்டது. கச்சியப்பருக்கு விடை ஏட்டிலிருந்து வந்தது. கம்பருக்கு விடை தெருவிலிருந்து வந்தது. வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டனையும் இலக்கணத்திற்கு முதலாகக் கொண்ட மரபில், தடைக்கு விடை தேடும் இடங்களும் இரண்டாகவே இருத்தல் இயல்பு. 'நான் கவிச்சக்கரவர்த்தி, என் சொல்லே வழக்கு' என்று கம்பர் கூறவில்லை என்பதும் கருதத்தக்கது.

எல்லா அவையும் இத்தகையன அல்ல. தவறு செய்த புலவரின் தலையிற் குட்டிய பிள்ளைப்பாண்டியன், காதைக் குறும்பியளவாகத் தோண்டி அறுத்த வில்லி, தலையையே வெட்டிய ஒட்டக்கூத்தன் ஆகிய மூவரும் இல்லாமையால் எவரும் புலவர் எனத் திரியலாயிற்று என வருந்தும் தனிப்பாடலொன்று உண்டு. அதனை நகைச்சுவையாகப் படித்து மகிழ்கின்றோம். ஆயின் அதனுள் ஓர் அச்சம் உறைகின்றது. அருணகிரியார் வில்லியை வென்றபின் அவர் காதை அறுக்காமல் விட்டார், அக்கருவியையும் எறியச் செய்தார் என்னும் கதை, அவ்வச்சத்திற்கு மரபு தானே கண்ட மருந்தாகலாம். வினவுவோன் கையில் கத்தியிருப்பின் அது கடா அன்று. முரசறைவோன் செற்றத்தை விலக்கியதன் காரணமும் இதுவே.

துமிக் கதை இன்று நாம் அறிந்த வடிவிற் பரவுதற்குக் காரணமான நூல்களுள் விநோதரசமஞ்சரி முதன்மையானது. அதனை எழுதிய வீராசாமிச் செட்டியார் 'அட்டாவதானம்' என்னும் அடையுடையவர். தடையைப் பற்றிக் கதை எழுதியவர் தாமே தடைகளின் நடுவே நின்று பழகியவர் என்பதனை எவரும் எடுத்துக்காட்டியதாக நாம் கண்டிலம். அவதானம் என்பது யாது? ஒருவன் அவை நடுவே அமர்வான். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் முதுகில் சிறு கற்களை இடையிடையே எறிவார். ஒருவர் மணியை அடிப்பார். ஒருவர் சதுரங்கக் காய் நகர்த்துவார். ஒருவர் ஆண்டும் நாளும் சொல்லிக் கிழமை கேட்பார். எறிந்த கல் எத்தனை, அடித்த மணி எத்தனை என்பவற்றையும் பிறழாது கூறி, வெண்பாவையும் முடித்தல் வேண்டும். குறுக்கீட்டையே கலையாக்கிய வேறொரு நிகழ்ச்சியை நாம் அறியோம். ஏனைய அவைகளில் மறித்தல் பேச்சினிடையே நிகழும். ஈண்டு மறித்தலே நிகழ்ச்சி, பேச்சு அதனிடையே நிகழ்வது.

1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே ஆற்றிச் சதாவதானி எனப் பெயர்பெற்ற செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியினர்; சீறாப்புராணத்திற்கு உரை கண்டவர். அவரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. அவையில் ஒருவர் எழுந்து, துருக்கனுக்கு இராமனே துணை என்னும் பொருள்பட ஓர் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடுக என்றார். பாவலர் முசுலிம், இராமனைத் துணையென்று பாடினால் தம் சமயத்தார் முன் குற்றம், பாடாவிட்டால் அவதானம் தோற்றது. கொடுத்தவர் உள்ளத்தில் குறும்பு இருந்ததோ பகை இருந்ததோ அறியோம். பாவலர் பரதனையும் இலக்குவனையும் முன்னடியில் நிறுத்தி, அவ்வடியின் இறுதிச் சீரில் 'சத்' என்னும் அசை வந்து ஈற்றடியோடு சேருமாறு பாடினார். துருக்கன் சத்துருக்கன் ஆயினான். கொடுத்த அடியில் ஓரெழுத்தும் மாறவில்லை. அவையில் நகையும் ஆரவாரமும் எழுந்தன. அதங்கோட்டாசானுக்குத் தொல்காப்பியனார் செய்ததையே இவர் வேறொரு வகையிற் செய்தார். தடுத்தவர் உள்ளத்தை வெளிப்படுத்திக் காட்ட முனையவில்லை. அவர் கொடுத்த சொல்லை அவரே எதிர்பாராத இடத்தில் வைத்துவிட்டார்.

இத்தகைய அவை எப்பொழுது மாறிற்று? ஒருநாளில் மாறவில்லை. எனினும் ஒரு நாளைச் சுட்டலாம். 1847ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். தொடர்ந்து வெள்ளிதோறும் அது நிகழ்ந்தது. அதற்கு முன்னர்க் கோயில்களில் நிகழ்ந்தது புராணபடனம். ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். கேட்போருள்ளும் புராணம் வல்லார் இருப்பர். பதம் பிரித்தல் பிழைத்தாலும் பொருள் வழுவினாலும் அங்கேயே மறுப்பு எழும். நாவலர் பார்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றியவர். கிறித்தவ தேவாலயத்துச் சொற்பொழிவின் ஆற்றலை அண்மையிற் கண்டவர். ஒருவரே ஒரு பொருள்பற்றித் தொடர்ந்து பேச, ஏனையோர் அமைதியாக இருந்து கேட்கும் அவ்வடிவத்தை அவர் சைவத்திற்கு ஆக்கினார். அதனால் விளைந்த நன்மைகளைக் குறைத்துக் கூற நாம் விரும்பவில்லை. படியாதவனும் கேட்டுணரத்தக்க தமிழ் வசனம் வளர்ந்தது இவ்வழியேயாம். ஆயினும் அமைதி என்பது கேட்போரின் கடமையாயிற்று. மறித்தல் முறையல்லாததாயிற்று.

நம் முன்னோர் புலவரை நால்வகைப்படுத்தினர்: கவி, கமகன், வாதி, வாக்கி. ஏதுவும் எடுத்துக்காட்டும் கொண்டு தன்கோள் நிறுவிப் பிறன்கோள் மறுப்பவன் வாதி. அறமுதல் நாற்பொருளையும் கேட்போர் விரும்புமாறு விரித்துரைப்பவன் வாக்கி. பழைய அவையில் இருவருக்கும் இடமிருந்தது. ஒருவனே இருவராகவும் இருத்தல் வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் மேடை வாக்கியை வளர்த்தது. வாதிக்கு நாற்காலி இல்லை. ஒலிபெருக்கி வந்தபின் இது முற்றுப்பெற்றது. அதற்கு முன் பேசுவோன் குரலும் எழுந்து வினவுவோன் குரலும் மாந்தர் குரலே. அளவில் ஒன்றுக்கொன்று இளைத்தன அல்ல. ஒலிபெருக்கியின் முன் நிற்பவனோடு பின்வரிசையிலிருந்து வழக்காடுபவன் கூச்சலிடுபவனாகவே தோன்றுவான். அவன் கேட்பது நுட்பமான வினாவாயினும் அது கூச்சலாகவே செவிப்படும். வினாவைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பும் வழக்கம் இடர்ப்பாட்டைச் சிறிது தீர்த்தது. ஆயினும் எச்சீட்டைப் படிப்பது, எதனை மடித்து வைப்பது என்பது மேடையின் உரிமையாயிற்று. இன்று பட்டிமன்றம் என்னும் பெயரால் நிகழ்வனவற்றிலும் வாதிடுவோர் அனைவரும் மேடைமீதே அமர்ந்துள்ளனர்; கீழே இருப்போருக்குக் கைதட்டலே தொழில்.

பொதுமேடை அவ்வாறாதல் ஒருவகையில் தவிர்க்கவொண்ணாதது. பல்லாயிரவர் கூடுமிடத்தில் வள்ளுவர் கூறியபடி அவையைத் தெரிந்து பேசுதல் யாருக்கும் இயலாது. நாம் கவல்வது ஆராய்ச்சி அவைகளைப் பற்றியே. கருத்தரங்குகளில் கட்டுரை படிக்க 15 மணித்துளி, வினாவிற்கு 5 மணித்துளி என்று நிகழ்ச்சிநிரலில் அச்சிடுகின்றோம். அவ்வைந்தும் வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் போய்விடுதல் வழக்கமாகிவிட்டது. அரங்கேற்றம் என்று எதனை நம் முன்னோர் கூறினரோ அது நடைபெறாமலே கட்டுரைகள் நூலாகிவிடுகின்றன.

இதனைப் பிறர்மேற் குறையாக நாம் கூறவில்லை. சில ஆண்டுகளின் முன் ஒரு கருத்தரங்கில், அரங்கேற்ற மரபு பற்றி நாம் கட்டுரை படித்தோம். அதங்கோட்டாசான் குற்றங்கூறக் கருதிக் கேட்டார் என்னும் செய்தியை அங்கு எடுத்துரைக்கையில் அதனை இளம்பூரணர் உரையிலுள்ளதாகக் கூறிவிட்டோம். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து, 'இளம்பூரணர் அதனை எவ்விடத்துக் கூறினார்?' என்று வினவினார். அவர் குரல் தாழ்ந்தே ஒலித்தது. தலைமை வகித்தவர், வினாக்கள் இறுதியில் என்று கூறி அவரை அமரச் செய்தார். நமக்கு அது உதவியாகவே தோன்றிற்று. ஏட்டைப் பார்த்துத் தொடர்ந்து படித்தோம். இறுதியில் நேரமில்லை. கட்டுரை அவ்வாறே தொகுப்பில் அச்சேறிற்று; அதனை மேற்கோளாகக் கொண்டு எழுதிய மாணவர் கட்டுரை ஒன்றும் அப்பிழையோடு நம் கைக்குத் திருத்த வந்தது. அன்றுதான் பாயிரவுரைகள் இரண்டனையும் எடுத்து ஒப்புநோக்கினோம். அச்செய்தி நச்சினார்க்கினியர் உரையில் உள்ளது. இளம்பூரணர் பாயிரவுரையில் இல்லை. முன்னைக் கட்டுரையின் அப்பகுதியை இக்கட்டுரையிற் கண்டவாறு திருத்திக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகின்றோம்.

அம்முதியவரை எழுதிக் கேட்டறிய முயன்றோம். வருகைப் பதிவேட்டில் கட்டுரையாளர் பெயர்களே இருந்தன. கேட்க வந்தோர் பெயர் குறிக்கப்படவில்லை.